முகத்தில் போடும் ஃபில்லர்: தரமும் ஆயுளும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோல் மருத்துவராக இரண்டு குறைகளை மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "ஒரு வருடம் நிற்கும் என்றார்கள் டாக்டர், நான்காவது மாதமே காணவில்லை" என்பது ஒன்று. "தானாகக் கரைந்துவிடும் என்றார்கள், மூன்று வருடம் ஆகிறது, கண்ணுக்குக் கீழே இன்னும் உப்பிக்கொண்டு நிற்கிறது" என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். ஆனால் "உங்களுக்குப் போட்டது எந்த மருந்து, எத்தனை மில்லி?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. முகத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் யாரும் கிளினிக்கை விட்டு எழுந்து போகக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

ஃபில்லரும் போடாக்ஸும் ஒன்றா?

இல்லை. போடாக்ஸ் தசையைத் தளர்த்தும் மருந்து. மூன்று நான்கு மாதத்தில் அதன் வேலை முடிந்துவிடும். ஃபில்லர் தோலுக்கு அடியில் இடத்தை நிரப்பும் பொருள். வயது ஏற ஏறக் கன்னத்துக் கொழுப்பு வற்றும், முக எலும்பும் சற்றுத் தேயும், மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை கோடு இறங்கும். அந்தப் பள்ளத்தை ஊசி வழியாக நிரப்புகிறார்கள். உதட்டைப் பருமனாக்கவும் மோவாயைத் திருத்தவும் இதையே போடுகிறார்கள்.

எதிலிருந்து தயாரிக்கிறார்கள்? சைவமா?

இன்று போடப்படுபவற்றில் பெரும்பாலானவை ஹையலூரானிக் அமில ஜெல். 1934-ல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கும் கூழிலிருந்து இந்த அமிலத்தை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். நம் தோலிலும் மூட்டிலும் இது இயல்பாகவே உண்டு. இப்போதைய முன்னணி ஃபில்லர்களுக்கு விலங்கிலிருந்து எடுப்பதில்லை, பாக்டீரியாவை வளர்த்து அதிலிருந்து எடுக்கிறார்கள். 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய ஃபில்லர் மாட்டுக் கொலாஜன். அதைப் போடுவதற்கு முன் முன்கையில் ஒரு துளி செலுத்தி, ஒவ்வாமை வருகிறதா என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஹையலூரானிக் ஜெல்லுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை என்பது நோயாளிக்குப் பெரிய விடுதலை.

ஹையலூரானிக் அமிலம் அல்லாதவையும் இருக்கின்றன. ரேடியெஸ்ஸில் இருப்பது கால்சியம் ஹைட்ராக்சிலபடைட். ஸ்கல்ப்ட்ராவில் இருப்பது பாலி லாக்டிக் அமிலம். அது இடத்தை நேரடியாக நிரப்பாமல், நம் உடம்பையே கொலாஜன் உற்பத்தி செய்யத் தூண்டுகிறது. பெல்லாஃபில்லில் அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் நுண்மணிகள் இருக்கின்றன. அவை கரையவே கரையாது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உடம்பில் இயல்பாக இருக்கும் பொருள் என்றால் உடனே கரைந்துவிட வேண்டுமே?

சரியான கேள்வி. நம் தோலில் இருக்கும் ஹையலூரானிக் அமிலம் ஓரிரு நாளில் சிதைந்து புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கிறது. அதையே அப்படியே ஊசியில் ஏற்றிப் போட்டால் அந்த வாரமே தடம் தெரியாமல் போய்விடும். அதனால் இழைகளுக்கு இடையே வேதிப்பொருளால் முடிச்சுப் போடுகிறார்கள். தனி நூல் சட்டென்று அறுந்துவிடும்; அதையே வலையாகப் பின்னிவிட்டால் அறுக்க நேரமாகும். இந்த முடிச்சுக்கு மிகப் பெரும்பாலும் பயன்படுவது பி.டி.டி.இ. என்ற பொருள்.

தரம் என்ற பேச்சு உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. முடிச்சு குறைந்தால் ஜெல் சீக்கிரம் போய்விடும். மிகுந்தால் கட்டியாக நிற்கும், உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்க்கும் வாய்ப்பும் கூடும். முடிச்சுப் போட்டு முடித்ததும் மிச்சமிருக்கும் பி.டி.டி.இ.யைக் கழுவி நீக்க வேண்டும். பத்து லட்சத்தில் 2 பங்குக்கும் கீழே கொண்டுவருவது நல்ல நிறுவனங்களின் அளவு. பாக்டீரியாவிலிருந்து வரும் புரத எச்சத்தையும் நீக்க வேண்டும். இந்தக் கழுவலும் வடிகட்டலும்தான் செலவு பிடிக்கும் வேலை. மலிவுச் சரக்கில் முதலில் கைவைக்கப்படுவதும் இதில்தான். சிரிஞ்சை வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. நல்லதும் மலிவானதும் இரண்டுமே கண்ணாடி போலத் தெளிந்த ஜெல்லாகவே இருக்கும்.

சரி, எவ்வளவு காலம் நிற்கும்?

இடத்தைப் பொறுத்தது. உதடு ஓயாமல் அசைகிறது, ரத்த ஓட்டமும் அங்கே அதிகம். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். கன்னத்தில் எலும்பை ஒட்டி ஆழமாகப் போடும் கெட்டியான ஜெல் ஒன்றரை, இரண்டு வருடம் வரை தோற்றத்தைத் தாங்கும். கண்ணுக்குக் கீழே அசைவு குறைவு. சிறிதளவு போட்டாலே ஒரு வருடத்துக்கு மேல் நிற்கும், பலருக்கு வேண்டியதைவிட அதிகமாகவே நிற்கிறது.

அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் எண் எப்படி வருகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ரெஸ்டிலேன் என்ற ஹையலூரானிக் ஜெல் அமெரிக்காவில் 2003 டிசம்பரில் அனுமதி பெற்றபோது சொல்லப்பட்டது சுமார் ஆறு மாதம். 2013-ல் வந்த ஜுவெடெர்ம் வொலுமா என்ற இன்னொரு ஹையலூரானிக் ஜெல்லுக்குக் கன்னத்தில் இரண்டு வருடம் வரை. இவை ஜெல் உடம்பை விட்டு வெளியேறும் காலம் அல்ல. முகத்தைப் பார்த்து மதிப்பெண் போடும்போது எத்தனை மாதம் வரை முன்னேற்றம் தெரிந்தது என்ற கணக்கு. ஆய்வில் பங்கேற்றவர்களில் பலருக்கு முதல் ஊசிக்குச் சில வாரம் கழித்து, குறைந்த இடத்தில் இன்னொரு முறையும் போட்டு நிறைவு செய்திருப்பார்கள். உங்களுக்கு ஒரே ஒரு சிரிஞ்ச் போட்டுவிட்டு அந்த இரண்டு வருடத்தை வாக்குறுதியாகக் கொடுப்பது நியாயமில்லை.

பத்து வருடம் கழித்தும் ஃபில்லர் முகத்தில் இருக்குமாமே, உண்மையா?

சிலருக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் மோபின் மாஸ்டர் என்ற கதிரியக்க மருத்துவர் ஃபில்லர் போட்டவர்களின் முகத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து வருகிறார். ஹையலூரானிக் ஜெல் நீரைப் பிடித்து வைத்திருப்பதால் எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளையாக ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். குறைந்தது இரண்டு வருடமாக முகத்தின் நடுப்பகுதியில் புதிதாக ஃபில்லர் போடாத 33 பேரை அவரது குழு பார்த்தது. 33 பேரிடமும் ஜெல் மிச்சமிருந்தது. பத்து வருடம் தாண்டியவர்களும் அவர்களில் உண்டு.

இது எல்லோருக்கும் பொருந்தும் என்று அந்த 33 பேரை வைத்துச் சொல்ல முடியாது. பிரச்சினையோடு வந்தவர்களே ஸ்கேன் எடுத்துக்கொள்ள அதிகம் முன்வருவார்கள். ஆனாலும் "ஒரு வருடத்தில் முழுக்கக் கரைந்துவிடும்" என்ற பழைய பேச்சை இனி எந்த மருத்துவரும் கூசாமல் சொல்லக் கூடாது. நான் சொல்வதை மாற்றிக்கொண்டேன். "தோற்றம் சில மாதத்தில் குறையும், பொருள் எப்போது போகும் என்று உறுதி தர முடியாது" என்றுதான் இப்போது சொல்கிறேன். அதைக் கேட்டுவிட்டு எழுந்து போனவர்களும் உண்டு, அவர்கள் முடிவு சரியானதே.

எனக்கு மூன்றே மாதத்தில் போய்விட்டது. போலி மருந்தா?

இருக்கலாம். அந்த முடிவுக்கு வரும் முன் சிலவற்றைப் பாருங்கள். முதல் இரண்டு வாரத்தில் கண்ணாடியில் தெரிந்ததில் ஒரு பங்கு வெறும் வீக்கம். அது வற்றியதை மருந்து போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஒரு சிரிஞ்சில் இருப்பது பெரும்பாலும் 1 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. அதை இரண்டு கன்னத்துக்கும் பிரித்தால் என்ன தெரியும்? உதட்டுக்கான மெல்லிய ஜெல்லை மோவாயில் போட்டிருந்தாலும் சீக்கிரம் அடங்கிவிடும்.

இன்னொன்று, பழக்கம். புது முகம் இரண்டு மாதத்தில் நம் சொந்த முகமாகிவிடுகிறது, பழைய முகம் மறந்துபோகிறது. சிரிஞ்சே வேலை செய்யவில்லை என்று வருத்தத்தோடு வந்த ஒரு அம்மாவிடம், முதல் நாள் ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்த படத்தைக் காட்டினேன். கையில் வாங்கி, விரலால் பெரிதாக்கி, கண்ணுக்குக் கீழே இருந்த குழியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படியா இருந்தேன்?" என்றார். அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில், சிரிக்காமல் ஒரு படம் ஊசிக்கு முன்பு எடுத்து உங்கள் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தரமான மருந்துதானா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்க வேண்டும். ஊசி போட உட்காரும் முன் பெட்டியைக் கேளுங்கள். பெட்டி உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். உள்ளே முத்திரையிட்ட பிளாஸ்டிக் தட்டில் சிரிஞ்சும் ஊசிகளும் இருக்கும். சிரிஞ்சின் மேலும் பெட்டியின் மேலும் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நல்ல நிறுவனங்களின் பெட்டிக்குள் உரித்து ஒட்டும் சிறு ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று கிளினிக்கின் பதிவேட்டில் ஒட்டுவதற்கு, மற்றொன்று உங்களுக்கு. அந்தக் கட்டைவிரல் அகல ஸ்டிக்கர்தான் உங்கள் முகத்துக்கான ரசீது. கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் தர மாட்டோம்" என்றால் அங்கே போட்டுக்கொள்ளாதீர்கள்.

இந்தியாவில் ஃபில்லர்கள் 2017-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளுக்குள் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இறக்குமதி உரிம எண்ணும் இருக்க வேண்டும். அவை இல்லாத பெட்டி யாரோ பெட்டிப்படுக்கையோடு கொண்டுவந்தது என்று பொருள். மருந்து அசலாகவே இருந்தாலும் வழியில் எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? பெரும்பாலான ஜெல்களை 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறது. மே மாத வேலூரில் கதவடைத்த காருக்குள் கிடந்த சிரிஞ்சை நினைத்துப்பாருங்கள்.

"கொரியா சரக்கு என்றால் மட்டமா?" என்றும் கேட்கிறார்கள். அப்படி இல்லை. அங்கிருந்து வரும் நல்ல ஜெல்களும் உண்டு. நாட்டைப் பார்க்காமல் உரிமத்தைப் பாருங்கள்.

ஒரு சிரிஞ்சைத் தோழிகள் இருவர் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று கேள்விப்படும்போது எனக்குப் பதறுகிறது. ஊசியை மாற்றினாலும் சிரிஞ்சுக்குள் மற்றவரின் ரத்தம் ஏறியிருக்கலாம். ஒரு சிரிஞ்ச் ஒருவருக்கு மட்டும், அதுவும் ஒரே தடவை. மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த மாதம் போடுவதும் வேண்டாம்.

ஊசியே இல்லாமல் பேனா மாதிரி ஒன்றால் உதட்டில் போடுகிறார்களே?

வேண்டாம். அழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் பீய்ச்சும் கருவி அது. எவ்வளவு ஆழம் போகிறது என்பது போடுபவரின் கட்டுப்பாட்டில் இல்லை. 2021 அக்டோபரில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமே இதற்கு எதிராக எச்சரித்தது. இணையத்தில் ஜெல் வாங்கித் தாங்களே போட்டுக்கொள்பவர்களுக்கும் இதே பதில்.

நீண்ட நாள் நிற்பதுதானே நல்ல தரம்? நிரந்தரமாக ஒன்றைப் போட்டுவிட்டால் செலவு மிச்சமாகுமே?

இந்த எண்ணம்தான் நூறு வருடத்துக்கும் மேலாக முகங்களைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. 1900-ஐ ஒட்டிய காலத்தில் ஐரோப்பாவில் பாரஃபின் மெழுகை உருக்கி ஊசியால் ஏற்றினார்கள். அழகுக்குப் பேர்போன கிளாடிஸ் டீக்கன் மூக்குத்தண்டை நேராக்கிக்கொள்ள இருபத்திரண்டு வயதில் அப்படிப் போட்டுக்கொண்டார். மெழுகு நாளடைவில் மூக்கிலிருந்து மோவாய் நோக்கி இறங்கியது. பின்னாளில் மார்ல்பரோ கோமகளானார். முகம் மட்டும் திரும்பவில்லை.

பிறகு திரவ சிலிக்கோன் வந்தது. அதன் பிறகு பாலி அக்ரிலமைடு ஜெல். சீனாவில் பல ஆண்டுகள் மார்பிலும் முகத்திலும் அதைப் போட்டார்கள். கட்டி, சீழ், இடம்விட்டு நகர்தல் என்று புகார்கள் குவிந்து, 2006-ல் அந்நாட்டு அரசு தடை செய்தது. ஒரே இடத்தில் கட்டியாக இருந்தால் வெட்டி எடுக்கலாம். திசுவுக்குள் ஊடுருவிப் பரவிய ஜெல்லை எந்த அறுவை மருத்துவரும் முழுக்க எடுத்துவிட முடியாது.

முகம் மாறிக்கொண்டே இருப்பது. முப்பது வயதில் கச்சிதமாகப் பொருந்திய மேடு, ஐம்பது வயதில் சுற்றிலும் சதை இறங்கிய பிறகு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். முதல்முறை போட்டுக்கொள்பவர் தேட வேண்டியது திருப்பி எடுக்கக் கூடிய மருந்தை. இரண்டாவது கேள்விதான் எத்தனை மாதம் என்பது.

திருப்பி எடுக்க முடியுமா?

ஹையலூரானிக் ஜெல் என்றால் முடியும். ஹையலூரானிடேஸ் என்ற நொதியை அந்த இடத்தில் செலுத்தினால் அது ஜெல்லின் இழைகளை அறுக்கும். கண்புரை அறுவைக்கு முன் மரத்துப்போகும் ஊசியோடு சேர்த்து நம் ஊர்க் கண் மருத்துவமனைகளில் நெடுங்காலமாகப் பயன்படும் அதே மருந்து.

மேலுதட்டுக்கு மேல், மீசை முளைக்கும் இடத்தில், வரப்பு போல ஒரு மேட்டோடு ஒரு பெண் வந்தார். வேறோர் இடத்தில் ஒரே வருடத்தில் மூன்று முறை போட்டிருந்தார்கள். உதட்டுக்குள் இடம் போதாமல் ஜெல் மேலேறி நின்றது. நொதியைச் செலுத்திவிட்டு, அரை மணி நேரம் கழித்து விரலால் தொட்டுப் பார்த்தேன். பட்டாணி போலத் திரண்டிருந்தது கூழாகிக் குழைந்திருந்தது. மறுநாள் அங்கே வரப்பு இல்லை. அவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு முதலில் செய்தது, உதட்டைக் குவித்து விசிலடிக்க முயன்றதுதான். பல மாதமாக வரவில்லையாம்.

கரைப்பதிலும் கவனம் வேண்டும். தேனீ கொட்டி ஒவ்வாமை வந்தவர்களுக்கு இந்த நொதியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்; முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரேடியெஸ், ஸ்கல்ப்ட்ரா, பெல்லாஃபில் ஆகியவற்றில் இந்த நொதி வேலை செய்யாது. சிலிக்கோனிலும் அப்படியே. அதனால்தான் மருந்தின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடுகிறேன்.

கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்தது போலத் தெரிகிறது. ரத்தக்கட்டா?

ரத்தக்கட்டு இரண்டு வாரத்தில் மஞ்சளாகி மறைந்துவிடும். மாதக்கணக்கில் நீலமாகவே இருந்தால், ஜெல்லை மேலாகப் போட்டிருக்கிறார்கள், அது ஒளியைச் சிதறடிக்கிறது. மருந்து தரமானதாக இருந்தாலும் கை தவறினால் இப்படி ஆகும். கரைத்துவிடலாம்.

பல மாதம் கழித்துத் திடீரென்று கட்டி வந்திருக்கிறது.

காய்ச்சல், பல் சிகிச்சை, தடுப்பூசி என்று உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்ளும் நேரத்தில் பழைய ஃபில்லர் இருக்கும் இடம் வீங்கக்கூடும். மாடர்னாவின் கோவிட் தடுப்பூசிச் சோதனையில் முன்பு ஃபில்லர் போட்டிருந்த ஒருசிலருக்கு முகம் வீங்கியது 2020-ல் பதிவானது, சிகிச்சையில் அடங்கிவிட்டது. இதற்காகத் தடுப்பூசியைத் தவிர்க்க வேண்டியதில்லை. சிவந்து, சூடாக, வலியோடு கட்டி இருந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். நீவிவிடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

எதற்கு உடனே ஓட வேண்டும்?

ஊசி போடும்போதோ, போட்ட சில மணி நேரத்திலோ தோல் வெள்ளைவெளேரென்று வெளுத்தால். வலை பின்னியது போல ஊதா நிறக் கோடுகள் படர்ந்தால். தாங்க முடியாத வலி வந்தால். இவற்றில் எது வந்தாலும் ஜெல் ரத்தக்குழாயை அடைத்திருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஐஸ் வைத்துப் படுத்துவிடாதீர்கள். தோல் அழுகிவிடும். பார்வை மங்கினால் அல்லது இருண்டால் நிமிடக் கணக்குதான். ஒன்றரை மணி நேரத்துக்குள்ளாகவே விழித்திரை மீளாமல் போகக்கூடும். மூக்கும் புருவ நடுவும் மிக ஆபத்தான இடங்கள், ஏனென்றால் அங்குள்ள குழாய்கள் கண்ணின் தமனியோடு இணைந்தவை.

போட்டுக்கொள்ளும் முன்பே கேளுங்கள்: "ஹையலூரானிடேஸ் இப்போது இங்கே இருக்கிறதா? காட்டுங்கள்." நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அழகு நிலையத்தில் இது இருக்காது. அதனால் அங்கே ஃபில்லர் போடவே கூடாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிரப்பிக்கொண்டே இருக்கச் சொல்கிறார்களே?

நாள்காட்டியைப் பார்த்து நிரப்பாதீர்கள், முகத்தைப் பார்த்து நிரப்புங்கள். முந்தையது மிச்சமிருக்கும்போதே மேலும் மேலும் ஏற்றினால் கன்னம் தலையணை போல உப்பி, சிரிக்கும்போது கண் சுருங்கிவிடும். பேக்கேஜ் என்று மூன்று தவணைக்கு முன்பணம் கேட்கும் இடங்களில் கட்டாதீர்கள்.

பத்து நாளில் கல்யாணம். இப்போது போடலாமா?

கூடாது. வீக்கமும் ரத்தக்கட்டும் வடிய இரண்டு வாரம், கோணலாகத் தெரிந்தால் திருத்த இன்னும் இரண்டு வாரம். எதற்கும் கொஞ்சம் கூடுதலாக வைத்து, குறைந்தது ஆறு வாரம் கையில் இருக்க வேண்டும்.

ஏற்கனவே போட்டுவிட்டேன். என்ன மருந்து என்று தெரியாது. இப்போது என்ன செய்வது?

போட்ட இடத்துக்கு எழுத்து மூலமாக ஒரு விண்ணப்பம் கொடுங்கள். மருந்தின் பெயர், தொகுதி எண், அளவு, போட்ட இடங்கள், தேதி ஆகியவற்றைக் கேளுங்கள். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிப்படி, உள்நோயாளியின் பதிவேடுகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேட்டைத் தர வேண்டும். நீங்கள் அன்றே வீடு திரும்பியவர் என்றாலும் அந்த விதியைக் குறிப்பிட்டே கேளுங்கள். கிடைத்ததைப் படம் எடுத்து, ரத்த வகையை எழுதி வைத்திருக்கும் அதே இடத்தில் வையுங்கள். கிடைக்கவில்லையா? போட்ட மாதத்தையும் இடத்தையுமாவது எழுதி வையுங்கள். பல் மருத்துவரிடமோ முக ஸ்கேனுக்கோ போகும்போது வெட்கப்படாமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஸ்கேனில் ஒளிரும் அந்த வெள்ளைத் திட்டை வேறு ஏதோ நோய் என்று அவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள்.